கையொப்பம் இட்டால் கற்றதாகுமா?

மருத்துவர்களும் மருத்துவம் சாராத ஆய்வாளர்களும் கலந்திருக்கும் ஒரு குழுவில் சென்ற வாரம் மூத்த மருத்துவர் ஒருவர் எழுதியிருந்தார்: "அமெரிக்காவிலேயே மருத்துவர்கள் மறுசான்றிதழ் முறையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்தவனை மீண்டும் தேர்வு மேசையில் உட்காரவைப்பது அவமதிப்பு. இந்தியாவில் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத் தொடங்க வேண்டாம்." நூற்றுக்கும் மேற்பட்டோர் அதற்கு விருப்பக்குறி இட்டிருந்தனர். அவர்களில் சமூகவியல், கல்வியியல், பொதுநலவாழ்வுத் துறைகளைச் சேர்ந்த ஆய்வாளர்களும் இருந்ததுதான் என்னை எழுதத் தூண்டியது. ஒரு கூற்றுக்குச் சான்று என்ன என்று கேட்பதற்காகவே ஊதியமோ உதவித்தொகையோ பெறுகிறவர்கள் நாம். இந்தக் கூற்றை மட்டும் எப்படிக் கேள்வியின்றி விழுங்கினோம்?

அந்தக் கூற்றில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் மருத்துவம் செய்வதற்கான உரிமத்தை வழங்குவது மாநில அரசின் மன்றம். துறைச் சிறப்புச் சான்றிதழை வழங்குவது அதனின்று வேறான, தனியார் அமைப்பாகிய வாரியம். கண் மருத்துவத்துக்கான வாரியம் 1916இல் முதலில் தோன்றியது. அகமருத்துவ வாரியம் 1936இல் வந்தது. சட்டப்படி இச்சான்றிதழ் விருப்பத்தின்பாற்பட்டது. ஆனால் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதைக் கேட்பதால், நடைமுறையில் அது இல்லாமல் பிழைப்பது கடினம். நெடுங்காலம் ஒருமுறை பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியானது. குடும்ப மருத்துவ வாரியம் மட்டும், 1969இல் தோன்றியபோதே, காலவரையறையுடன் சான்றிதழ் தந்தது. அகமருத்துவ வாரியம் 1990 முதல் தன் சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள் விதித்தது. அதற்கு முன் சான்றிதழ் பெற்றவர்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. 'பாட்டனார்கள்' என்று அவர்களைச் சக மருத்துவர்களே அழைத்தனர். பயிற்சி முடித்து ஆண்டுகள் பல கடந்தவருக்கு விலக்கு, அண்மையில் முடித்தவருக்குத் தேர்வு! அறிவு தேய்கிறது என்பதுதான் திட்டத்தின் அடிப்படை என்றால், இதைவிடத் தலைகீழான ஏற்பாட்டை எண்ணிப் பார்ப்பது அரிது.

கலகம் வெடித்தது 2014இல். பத்தாண்டுக்கொரு தேர்வு போதாதென்று, இரண்டாண்டுக்கொரு முறை ஏதாவதொரு செயல்பாடு, ஐந்தாண்டுக்குள் 100 புள்ளிகள், நோயாளிகளிடம் கருத்துக் கேட்கும் படிவங்கள், தன் மருத்துவமனைப் பணியைத் தானே மதிப்பிடும் தொகுப்புகள் என்று அகமருத்துவ வாரியம் அடுக்கிக்கொண்டே போனது. இவற்றில் பங்கேற்காதவர்களின் பெயருக்கு நேரே அந்தச் செய்தி வாரியத்தின் தளத்தில் பகிரங்கமாக இடம்பெற்றது. பால் டெய்ர்ஸ்டைன் என்ற இதயநோய் மருத்துவர் தொடங்கிய மனுவில் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டனர். 2015 பிப்ரவரியில் வாரியத் தலைவர் ரிச்சர்ட் பேரன், தாங்கள் தவறு செய்துவிட்டதாக வெளிப்படையாக எழுதி மன்னிப்புக் கேட்டார். படிவங்களும் தொகுப்புகளும் நிறுத்திவைக்கப்பட்டன. டெய்ர்ஸ்டைன் தம் பங்குக்குப் போட்டி வாரியம் ஒன்றையே நிறுவினார். 2016இல் ஓக்லஹோமா மாநிலம் இதற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. 2023இலும் இரத்தநோய், புற்றுநோய் மருத்துவர்களிடமிருந்து புறப்பட்ட மற்றொரு மனு இருபதாயிரம் கையொப்பங்களைத் தாண்டியது.

அவர்களுடைய சினத்துக்குக் காரணம் இருந்தது. 2015இல் 'ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியான ஒரு மாதிரிக் கணிப்பின்படி, இம்முறை ஓர் அகமருத்துவருக்குப் பத்தாண்டுகளில் சராசரியாக 23,607 டாலர் செலவு வைக்கிறது. இதில் கட்டணம் சிறு பகுதியே. பத்தில் ஒன்பது பங்கு மருத்துவரின் நேரத்தின் மதிப்பு. தேர்வு நடத்துவதும் அந்த வாரியமே, கட்டணம் வாங்குவதும் அதுவே, தேர்வு பயனுள்ளது என்று ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்களில் முதன்மையானவர்களும் அதன் ஊழியர்களே. ஒரு பல்கலைக்கழகம் தன் தேர்வின் தரத்தைத் தானே ஆராய்ந்து தனக்கே பாராட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டால் நாம் சிரிக்க மாட்டோமா?

இதுவரை மூத்த மருத்துவருடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 'தூக்கி எறிந்துவிட்டார்கள்' என்பது பொய். பத்தாண்டுத் தேர்வுக்கு மாற்று வழிதான் வந்திருக்கிறது. மயக்கவியல் வாரியம் 2016இல் அத்தேர்வைக் கைவிட்டு, காலாண்டுக்கு 30 வினாக்களை மருத்துவரின் கைப்பேசிக்கே அனுப்பத் தொடங்கியது. ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். அகமருத்துவ வாரியம் 2022இல் இதே பாதைக்கு வந்தது: காலாண்டுக்கு 30 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம், ஐந்தாண்டுகளில் 600. நூலையோ இணையத்தையோ பார்த்து விடையளிக்கலாம். இன்னொருவரிடம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். விடையளித்தவுடன் சரியா தவறா என்பதும் அதற்கான காரணமும் திரையில் வரும். இதையும் வெறுக்கிறவர்கள் அங்கு ஏராளம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2023 மனு இதற்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஆயினும் அங்கு நடக்கும் சண்டையின் பெரும்பகுதி எப்படி மதிப்பிடுவது, யார் மதிப்பிடுவது, எவ்வளவு விலைக்கு என்பது பற்றியதே. டெய்ர்ஸ்டைனின் போட்டி வாரியம்கூடத் தொடர்கல்வி வேண்டாம் என்று சொல்லவில்லை. குறிப்பிட்ட மணி நேரம் பயின்றதற்குச் சான்று கேட்கிறது. மதிப்பீடே வேண்டாம் என்று நம் குழுவில் எழுப்பப்படும் குரலுக்கு அமெரிக்காவைத் துணைக்கழைப்பது, எதிர்வீட்டுக்காரன் கூரையை மாற்றுகிறான் என்பதைக் காட்டி நம் வீட்டுக்குக் கூரையே வேண்டாம் என்று வாதிடுவது போன்றது.

சான்றுகளுக்கு வருவோம். மறுசான்றிதழ் நோயாளிக்கு நன்மை செய்கிறதா? 2014 டிசம்பரில் 'ஜாமா' இதழ் இரண்டு ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டது. முதலாவது, 1989இல் வாழ்நாள் சான்றிதழ் பெற்றவர்களையும் 1991இல் பத்தாண்டுச் சான்றிதழ் பெற்றவர்களையும் ஒப்பிட்டது. தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கைகளில் வேறுபாடு இல்லை. செலவின் வளர்ச்சியில் மட்டும் சிறு குறைவு. இரண்டாவது, முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் பத்து அளவீடுகளை எடுத்துக்கொண்டது. அவற்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எதிர்ப்பாளர்கள் இவ்விரண்டையும் கொடியாகப் பிடிக்கின்றனர். பிடிக்கட்டும். ஆனால் இவை சோதித்தது ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டை. பத்தாண்டுக்கொரு நாள் தேர்வெழுதுவதால் மருத்துவம் மாறிவிடாது என்பது இவற்றின் முடிவு. மருத்துவரின் அறிவு தேய்வதே இல்லை என்று இவை சொல்லவில்லை.

தேய்கிறது என்பதற்குத் தனிச் சான்று உண்டு. சௌத்ரியும் உடனாய்வாளர்களும் 2005இல் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அவற்றில் 52 சதவீதம், பணியாண்டுகள் கூடக்கூட அளந்த எல்லா வகையிலும் செயல்திறன் குறைவதாகக் காட்டின. அனுபவம் கூடினால் தரம் கூடும் என்ற நம் பொதுப்புத்திக்கு விழுந்த அடி அது. 2017இல் 'பிஎம்ஜே' இதழில் வந்த ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த முதிய நோயாளிகளின் 30 நாள் இறப்பு விகிதம், நாற்பது வயதுக்குட்பட்ட மருத்துவர்களிடம் 10.8 சதவீதமாகவும் அறுபது கடந்தவர்களிடம் 12.1 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் மிக அதிக எண்ணிக்கையில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களிடையே இந்த வேறுபாடு காணப்படவில்லை. முதுமையே குற்றவாளி என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை இருமுறை படிக்க வேண்டும்.

'எனக்கு எது தெரியாது என்பது எனக்கே தெரியும். நானே படித்துக்கொள்வேன்' என்பது குழுவில் வந்த இன்னொரு வாதம். டேவிஸும் உடனாய்வாளர்களும் 2006இல் மருத்துவர்களின் தன்மதிப்பீட்டைப் புற மதிப்பீட்டுடன் ஒப்பிட்ட 20 ஒப்பீடுகளை ஆராய்ந்தனர். 13இல் இரண்டுக்கும் தொடர்பு சொற்பம், அல்லது இல்லை, அல்லது நேரெதிர். தன் குறையைத் தான் காண்பது மனிதருக்கே அரிது. மருத்துவர் மட்டும் அதற்கு விலக்கில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓட்டை இருப்பதை நெறியாளர் சொல்லும்வரை நான் அறிந்திருந்தேனா?

இனி ஒரு சொந்தக் கதை. என் தந்தை இரயில்வேயில் ஓய்வுபெற்று நாக்பூரில் வசிக்கிறார். இதயநோயோ பக்கவாதமோ அவருக்கு ஒருபோதும் வந்ததில்லை. அறுபதை நெருங்கும்போது குடும்ப மருத்துவர் 'பாதுகாப்புக்காக' நாள்தோறும் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்தார். அக்காலத்தில் அது பிழையன்று, பலரும் எழுதினார்கள். 2018இல் 'ஆஸ்ப்ரீ' ஆய்வு வெளிவந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் எழுபது கடந்த 19,114 பேரைக் கொண்டு நடந்தது அது. முன்பு இதயநோய் இல்லாத முதியோருக்கு ஆஸ்பிரினால் இயலாமையின்றி வாழும் காலம் கூடவில்லை, இரத்தக்கசிவு மட்டும் கூடியது என்று அது காட்டியது. 2019இல் அமெரிக்க இதயநோய் வழிகாட்டுதல், எழுபது கடந்தவர்களுக்கு இதை வழக்கமாகத் தர வேண்டாம் என்று எழுதியது. என் தந்தைக்கு எழுபத்து நான்கு வயதானபோது மலம் கரிய நிறத்தில் போகத் தொடங்கியது. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றி, ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்து மீண்டார். மருந்துச்சீட்டில் ஆஸ்பிரின் அப்போதும் இருந்தது. அந்த ஒரு மாத்திரைதான் காரணம் என்று நான் அறுதியிட மாட்டேன். ஆனால் அவர் அதை உட்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்த மருத்துவர் அலட்சியக்காரர் அல்லர். நள்ளிரவிலும் தொலைபேசியை எடுப்பவர், ஏழைகளிடம் காசு வாங்காதவர். ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கும் மனிதரிடம், நீங்கள் இருபது ஆண்டுகளாக எழுதிவரும் ஒரு மாத்திரையின் கணக்கு மாறிவிட்டது என்று சொல்ல இந்த நாட்டில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. அவரிடம் வந்து பேசியவர்கள் மருந்து நிறுவனப் பிரதிநிதிகள். எந்தப் பிரதிநிதி ஒரு மாத்திரையை நிறுத்தச் சொல்வதற்காகப் படியேறி வருவார்?

ஏற்பாடு இல்லை என்பது முழுக்கச் சரியன்று, காகிதத்தில் உண்டு. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை நெறிமுறை விதிகள், மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம். நாளுக்கு வகுத்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம். எந்தத் துறையில் என்று அந்த விதி வரையறுக்கவில்லை. கற்றாரா என்று சோதிக்கச் சொல்லவும் இல்லை. அதைச் செயல்படுத்தும் முறையும் கண்டிப்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. ஆகிய சிறப்புப் பட்டங்களோ ஆயுள் முழுமைக்கும் உரியவை. முப்பது வயதில் தேறியவர் எழுபது வயதிலும் அதே நிபுணர்.

ஆய்வுக்காகத் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் இத்தகைய நிகழ்ச்சிகள் சிலவற்றில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நட்சத்திர விடுதியின் குளிரூட்டிய அரங்கு. நுழைவாயிலில் பதிவு மேசை. கைப்பேசியால் ஒரு குறியை வருடினால் வருகை பதிவாகிவிடும். முதல் உரையில் அறுபது பேர் இருந்தனர். உணவு இடைவேளைக்குப் பின் எண்ணினேன்: பத்தொன்பது. மாலையில் மீண்டும் குறியை வருட வேண்டும் என்பதால் நான்கரை மணிக்கு அரங்கு நிரம்பியது. உரையாற்றிய மூவரில் இருவர், அரங்குக்கு வெளியே கடை விரித்திருந்த ஒரு நிறுவனத்தின் மருந்து வகையையே பேசினர். வினாவிடைக்கு ஒதுக்கிய பதினைந்து நிமிடம் பொன்னாடைக்கும் நினைவுப்பரிசுக்கும் போயிற்று. புள்ளிகள் எல்லோருக்கும் சமமாக வந்து சேர்ந்தன, எனக்கும் வந்திருக்கும்; பதிவு மேசைப் பெண் என்னை மருத்துவர் என்று எண்ணிப் படிவத்தை நீட்டினார். நான்தான் மறுத்தேன். வெறும் சொற்பொழிவு வடிவிலான நிகழ்ச்சிகள் மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதில்லை என்று 1999லேயே 'ஜாமா'வில் தொகுப்பாய்வு வந்துவிட்டது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்தது. ஐந்தாண்டுக்கொரு முறை உரிமத்தைப் புதுப்பித்தல், அதற்கு 30 புள்ளிகள், மருந்து நிறுவனங்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ புரக்கும் கருத்தரங்குகளில் பங்கேற்கத் தடை ஆகியவை அவற்றில் இருந்தன. மூலப்பெயரில் மட்டுமே மருந்தெழுத வேண்டும் என்ற விதியை முன்னிட்டுப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. தரமற்ற மருந்துகள் புழங்கும் சந்தையில் அது எளிய வினா அன்று. நிறுவனங்களின் பணமின்றிக் கருத்தரங்குகளை எப்படி நடத்துவது என்ற குரலும் கூடவே எழுந்தது. ஆகஸ்ட் 23 அன்று விதிகள் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டன. 2002ஆம் ஆண்டு விதிகளே திரும்பின. மூன்று வாரங்களில் குளிப்பாட்டிய நீரோடு குழந்தையும் போயிற்று என்று எழுதவும் மனம் வரவில்லை; அந்தக் குழந்தையும் நோஞ்சான்தான். அந்த விதிகளிலும் எண்ணப்பட்டவை நாற்காலிகளே. நிறுவனப் பணத்துக்கான தடை ஒன்றுதான் உயிருள்ள பகுதி. அதைப் பற்றி நம் குழுவின் மூத்த மருத்துவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இதன் விலையை யார் தருகிறார்கள்? 1991இல் மும்பை தாராவியில் தனியார் மருத்துவர்கள் நூறு பேரிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்டபோது, 80 வெவ்வேறு மருந்துச்சீட்டுகள் கிடைத்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் ஸரீர் உத்வாடியாவும் உடனாய்வாளர்களும் அங்கேயே 106 பேரிடம் கேட்டனர்: 63 வெவ்வேறு சீட்டுகள், சரியாக எழுதியவர்கள் 6 பேர். இவர்களில் நவீன மருத்துவம் பயிலாதவர்களும் அடக்கம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அப்படியிருந்தும் காசநோய்க்கான முறை இரகசியமன்று. அரசே அச்சிட்டு வழங்குகிறது. இருபது ஆண்டுக் கருத்தரங்குகளும் மதிய விருந்துகளும் அந்த எண்ணை நகர்த்தவில்லை. பிழையான சீட்டு அந்த நோயாளியோடு முடிவதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக அண்டைவீட்டுக்கும் போகிறது.

மருத்துவர்கள் எழுப்பும் மறுப்புகளில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தனியாளாக இருப்பவரிடம் இன்னொரு சுமையை ஏற்றினால் அவர் நகரத்துக்கு ஓடுவார் என்பது அது. இப்போதைய முறைதான் அவரை வதைக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. கருத்தரங்குகள் பெருநகரங்களில் நடக்கின்றன; விடுப்பும் பயணச்செலவும் அவருடையவை. காலாண்டுக்கு முப்பது வினாக்கள் கைப்பேசியில் வந்தால் அவர் எங்கும் போக வேண்டியதில்லை. ஆஸ்பிரினைப் பற்றி ஒரு வினா, காசநோயைப் பற்றி இரண்டு, பாம்புக்கடியைப் பற்றி ஒன்று. தவறாக விடையளித்தால் அடுத்த காலாண்டில் அதே பொருள் வேறு வடிவில் மீண்டும் வரட்டும். வினாக்களை அந்தந்தத் துறையின் அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் எழுதலாம். செலவை அரசு ஏற்கட்டும். மருத்துவரிடமும் நிறுவனங்களிடமும் ஒரு காசும் வாங்கக் கூடாது. அமெரிக்க வாரியம் தன் மதிப்பை இழந்தது கட்டணத்தாலும் ஏகபோகத்தாலும் என்பதை மறக்கலாகாது. விலக்கு யாருக்கும் வேண்டாம், குறிப்பாக மூத்தவர்களுக்கு. வினாக்கள் மட்டுமே போதும் என்றும் நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 2012 முதல் ஐந்தாண்டுக்கொரு மறுஏற்பு நடக்கிறது; ஆண்டுதோறும் மதிப்புரை, சக மருத்துவர்கள், நோயாளிகள் கருத்து எல்லாம் அதில் உண்டு. தன் நோயாளிகளையே கொன்ற ஹெரால்ட் ஷிப்மனின் வழக்கு அதன் வரலாற்றில் நிழலாக நிற்கிறது. ஆனால் ஷிப்மன் நோயாளிகளால் விரும்பப்பட்டவர். அறிவுத் தேர்விலும் தேறியிருப்பார். கொடியவனைப் பிடிக்கும் கருவியையும் நல்லவரின் அறிவைப் புதுப்பிக்கும் கருவியையும் ஒன்றாக்க முயன்றால் இரண்டும் கெடும். எனக்கு வேண்டியது இரண்டாவது.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். பதவி உயர்வுக்காகப் புத்தொளிப் பயிற்சிகளில் அமர்ந்து, ஒளிப்படக்கருவியை அணைத்துவிட்டு விடைத்தாள் திருத்திய பேராசிரியர்கள் இந்தக் குழுவில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். பலர் என் ஆசிரியர்கள். அந்தச் சான்றிதழின் பெறுமதி என்னவென்று நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, உயிர் தொடர்பான ஒரு தொழிலில் அதே நாடகம் நடப்பதற்கு விருப்பக்குறி இடுகிறோம்.

மூத்த மருத்துவர் 'அவமதிப்பு' என்றார். விமானி ஆண்டுதோறும் போலி விமானியறையில் அமர்ந்து, எஞ்சின் அணைந்தால் என்ன செய்வார் என்று காட்டுகிறார். யாரும் அவரை அவமதித்ததாக எழுதவில்லை. ஒருவேளை விழும் விமானத்தில் அவரும் இருக்கிறார் என்பதால் இருக்கலாம்.

தேர்வு முறை குறித்து, வினா வங்கியை யார் வைத்திருப்பது என்பது குறித்து, மாநில மன்றங்களுக்கு அந்தத் திறன் உண்டா என்பது குறித்து மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். அங்கெல்லாம் எனக்கே தெளிவில்லை. 'அமெரிக்காவிலேயே இல்லை' என்று மட்டும் எழுத வேண்டாம்.